இடப்பக்கம் யாரும் உட்காரவில்லை, மாமா

என் தங்க மாமாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாது. போன இடத்தில் நடக்கப் பாதை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இல்லாவிட்டாலும் இந்நேரம் நீங்களே ஒன்றைக் கண்டுபிடித்து, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, "தோ, அந்த வளைவுதான், வந்துருச்சு" என்று பொய் சொல்லி இழுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். அந்த நாலு பேரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

சேதி இதுதான் மாமா. இந்த மே மாச லீவுக்கும் நாங்கள் போனோம். கேப்பர் மலை, தேவனாம்பட்டினத்துக் கடலோரம், பிச்சாவரத்து ஓடை, மூன்றையும் விடவில்லை. யார் கூட்டிக்கொண்டு போனது என்கிறீர்களா? நான்தான். சிரிக்காதீர்கள். முந்திரி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்க மாமா, நான் டிபன் டப்பாவப் பாத்துக்கறேன்" என்று காலை நீட்டின அதே சுமதிதான்.

இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துப் படிக்கிற மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் என் அக்கா மல்லிகாவின் வீட்டுக்காரர். மஞ்சக்குப்பத்தில் சர்வேயர் வேலை. வருஷம் முழுக்க ஊரான் நிலத்தை அளந்து, வரப்புச் சண்டைக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் வசவு வாங்கி, லீவு கிடைத்தால் மட்டும் எதையும் அளக்காமல் நடக்க வேண்டும் என்று கிளம்பிவிடுகிற ஆள். நல்ல ஆகிருதி. அந்த உடம்பை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போவீர்கள், நாங்கள் ஒல்லிகள் மூச்சு வாங்கப் பின்னால் வருவோம்.

லீவு என்றால் எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் ஊட்டி, கொடைக்கானல் என்று பெட்டி கட்டும். நீங்கள் மட்டும், "சொந்த ஜில்லாவப் பாக்காதவன் ஊட்டிக்குப் போயி என்னாத்தப் பாப்பான்?" என்று கேட்டுவிட்டுத் தண்ணிப் பையை எடுப்பீர்கள். கல்யாணமான புதிதில் அக்கா ஊட்டி கேட்டாள். "அடுத்த லீவுக்கு" என்றீர்கள். பிரபு பிறந்து, படித்து, பெங்களூரில் வேலைக்கும் போய்விட்டான், அந்த அடுத்த லீவு வரவேயில்லை. அக்காவும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே தயிர்சாதம் கட்டிக்கொண்டு உங்கள் பின்னால் வந்துகொண்டுதான் இருந்தாள். நானும் வந்தேன். கல்யாணம் வேண்டாம் என்று, டீச்சர் வேலையோடு தனி வீட்டில் இருந்துவிட்ட எனக்கு உங்கள் வீட்டை விட்டால் போக்கிடம் ஏது?

போன ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் காப்பி குடித்தீர்கள், நெஞ்சைப் பிடித்தீர்கள், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்தது. அக்கா அழுது ஓய்ந்த பிறகு அவளுக்குக் கோபம்தான் வந்தது. "நடந்தா நெஞ்சுக்கு நல்லது, நடந்தா நெஞ்சுக்கு நல்லதுன்னு என்னை இழுத்தடிச்சாரே! யாரு நெஞ்சுக்கு நல்லது? என்னாச்சு இப்போ?" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் கேட்டாள். அதற்கப்புறம் அவள் வாசல்படி தாண்டுவதையே விட்டுவிட்டாள். காய்கறிகூட நான்தான் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டிலிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

பொங்கலுக்கு வந்தான் உங்கள் பிள்ளை. இரண்டு நாள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அம்மாவ பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன் சித்தி. இங்க தனியா இருந்து என்னா பண்ணப் போறாங்க?"

"தனியாவா? நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கறது ஒன் கண்ணுக்குத் தெரியலையாடா?"

"நீங்க ஸ்கூலுக்குப் போயிடறீங்க. அவுங்க நாள் பூரா செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. நீங்களே சொல்லுங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஜாஸ்தியாக வந்தது. என் ஸ்கூல் லீவு முடிகிற சமயத்தில் காரோடு வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது, வீட்டை வாடகைக்கு விடுவது என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்? எனக்கு அக்காவை விட மனசில்லை மாமா. ஞாயிற்றுக்கிழமையானால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்? காய்ச்சல் என்றால் யார் மிளகு ரசம் வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவருவார்கள்? இந்தக் கடலூரில் என்னை டீச்சர் என்று கூப்பிட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "அடியே" என்று கூப்பிட அவள் ஒருத்திதான் மிச்சம்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். நீங்கள் நடந்த இடமெல்லாம் அவளை நடக்க வைப்பது. மண்ணையும் தண்ணீரையும் பார்த்தால், இதையெல்லாம் விட்டுவிட்டு நான் எங்கேடா வருவேன் என்று பிரபுவிடம் அவளே சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். உங்கள் பாதையை வைத்தே அவளைக் கட்டிப்போடப் பார்த்தேன். மேலே இருந்து நீங்களும் எனக்கு ஒத்தாசை செய்வீர்கள் என்ற நம்பிக்கை வேறு.

ஸ்கூல் மூடிய மறுநாளே போய் நின்றேன். "அக்கா, மாமா போற எடத்துக்கெல்லாம் ஒரு தடவ போயிட்டு வந்துடலாம், வாயேன்."

"எதுக்குடி?"

"சும்மாதான்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ நடப்பியா?"

"ஏன், எனக்குக் கால் இல்லியா?"

"இருக்கு. வாய் அளவுக்கு இல்ல."

எத்தனை மாசத்துக்கு அப்புறம் என்னைக் கிண்டல் செய்கிறாள்! எனக்கு அங்கேயே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. ஆனால் அப்படிச் செய்திருந்தால் காரியம் கெட்டிருக்கும் என்று முறத்தை இழுத்து நான் புடைக்க ஆரம்பித்தேன்.

இடையில் சிதம்பரத்திலிருந்து உங்கள் தங்கச்சி விஜயா போன் போட்டாள். எப்படித்தான் அவளுக்கு மூக்கில் வேர்க்கிறதோ! "வருஷம் திரும்பல சுமதி. துக்க வூட்டுக்காரங்க மலை ஏறக் கூடாதும்பாங்க. நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

"கேப்பர் மலையெல்லாம் ஒரு மலையா விஜயா? எருமை மாடு ஏறி மேஞ்சிட்டு வருது."

"பேருல மலை இருக்குல்ல?"

அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "இங்க பாரு விஜி. சாமி இருக்கற மலைக்குத்தான் போவக் கூடாது. அங்க முந்திரிக்கொட்டைதான் இருக்கு. வை போன." சொல்லிவிட்டு அவளே கட் செய்தாள். என் திட்டம் பலிக்கப் போகிறது என்று அப்போதே எனக்குள் ஒரு குதி.

கேப்பர் மலைக்கு விடியும்போதே போய்விட்டோம். செம்மண்ணில் மழைத் தண்ணீர் அறுத்த பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. முந்திரிப் பழம் விழுந்து கிடந்த வாசனை தூக்கியது. நான்தான் தலைவி இல்லையா, உங்களைப் போலவே கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போய், பெரிய பலா மரத்துக்கிட்டே இடது பக்கம் திரும்பினேன். நீங்கள் அங்கேதான் திரும்புவீர்கள், எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பாதை குறுகி, முள்வேலிக்குள் நுழைந்து, யாரோ ஒருவருடைய முந்திரித் தோப்புக்கு நடுவில் போய் நின்றது. "யாரு அது, கொட்ட பொறுக்கறது?" என்று ஒரு பெண்பிள்ளையின் குரல். நாங்கள் இரண்டு பேரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்த வழியே ஓடினோம்.

பலா மரத்தடிக்கு வந்து மூச்சு வாங்கும்போது அக்கா கேட்டாள். "அந்தப் பக்கம் ஏன்டி திரும்புன?"

"மாமா அங்கதான திரும்புவாரு?"

"அவருக்கு எங்க வழி தெரியும்? வருஷா வருஷம் அங்கதான் தப்பாத் திரும்புவாரு. மாட்டிக்கிட்டதும் 'ஒங்களுக்கு ஒரு புதுப் பாதை காட்டறேன்'னு சமாளிச்சுக் கூட்டிட்டு வருவாரு. நீயும் அதைப் பாத்து மனப்பாடம் பண்ணி வெச்சிருக்க."

ஐயோ மாமா! அப்படியானால் அத்தனை புதுப் பாதையும் வழி தவறினதுதானா? ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நட்ட மனுஷருக்கு ஒரு பலா மரத்தைத் தாண்டத் தெரியவில்லையே! அக்கா இத்தனை வருஷம் அதை எங்களிடம் காட்டிக் கொடுக்காமல் இருந்தாள் பாருங்கள். அன்றைக்கு மீதி வழியை அவள்தான் காட்டினாள். மேட்டின் விளிம்பில் உட்கார்ந்து, கீழே ஊரும் அதற்கப்பால் கோடாகக் கடலும் தெரிய, எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். "காத்து நல்லாருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், நான் அதையே வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் தேவனாம்பட்டினத்திலிருந்து கடலோரமாகவே தாழங்குடா வரைக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். பாதி வழியிலேயே என் புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் கொப்புளம். அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் விறுவிறு என்று போகிறாள். என்னால் முடியவில்லை, வாய் தவறிக் கேட்டுவிட்டேன்: "இன்னும் எவ்ளோ தூரம்க்கா?"

அவள் நின்றாள். திரும்பினாள். தண்ணிப் பையைக் கழற்றி என் தோளில் மாட்டினாள். தூரம் கேட்கிறவர்தான் தண்ணிப் பை தூக்க வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டமாயிற்றே. வலை உதறிக்கொண்டிருந்த ஆட்கள் வேடிக்கை பார்க்க, நான் நொண்டிக்கொண்டே அதைத் தூக்கி வந்தேன்.

தாழங்குடாவில், பெண்ணையாற்று முகத்துவாரத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆற்றில் தண்ணீர் குறைவுதான், மணல் அடைத்துக் கிடந்தது. அங்கேதான் அவள் உங்களைப் பற்றிக் கோபமில்லாமல் முதல் தடவையாகப் பேசினாள். நீங்கள் நண்டு வளைக்குள் விரலை விட்டுக் கடி வாங்கியது, பஸ்ஸில் தூங்கி அடுத்த ஊரில் இறங்கியது என்று ஒவ்வொன்றாக. பேசிப் பேசிச் சிரித்தாள். நான் மனசுக்குள், பிரபு, நீ வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்டா என்று சொல்லிக்கொண்டேன்.

என் லீவு முடிவதற்கு முந்தின வாரம் பிரபு வந்தான். "நாளைக்குப் பிச்சாவரம் போறோம். கார எடு" என்றேன். போகிற வழியில் சிதம்பரத்தில் கீழவீதியில் விஜயா வீட்டில் காலை டிபன். அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அக்கா முதுகைத் தட்டிக் கொடுத்து, "அழுவாத விஜி, இட்லி ஆறுது பாரு" என்றாள். கத்தரிக்காய் கொத்சுவை மட்டும் குறை சொல்லவே முடியாது. உங்கள் பேரைச் சொல்லி நானே இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

படகுத் துறையில் நல்ல கூட்டம். "மோட்டார் போட்டுலயே போயிடலாம் சித்தி, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றான் பிரபு. நானும் அக்காவும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். மோட்டார் சத்தத்தில் கொக்கு பறந்துவிடும், அந்தப் படகு போகாத சின்ன ஓடைக்குள்தான் விஷயமே இருக்கிறது என்று நீங்கள் சொன்னது அவனுக்கும் தெரியாதா என்ன? துடுப்புப் படகு ஒன்று எடுத்தோம். படகோட்டி எங்களுக்குப் புது ஆள். எங்களை ஏற்றி, லைப் ஜாக்கெட் மாட்ட வைத்து, கழியால் ஊன்றித் தள்ளினார்.

படகு கொஞ்ச தூரம் போனதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது மாமா. நான் பயந்துபோய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து தளும்புகிறது. படகோட்டி துடுப்பை நிறுத்தினார்.

"என்னாம்மா எல்லாரும் வலப் பக்கமாவே குந்திக்கிட்டிருக்கீங்க? படகு சாயுதுல்ல? யாராச்சும் அந்தப் பக்கம் போயி குந்துங்க."

அப்போதுதான் நாங்கள் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். முன் பலகையில் பிரபு வலப் பக்க ஓரம். நடுப் பலகையில் அக்கா வலப் பக்க ஓரம். பின் பலகையில் நான், அதே ஓரம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. உங்கள் எடைக்கு ஈடு கட்ட வேண்டும் என்று வருஷா வருஷம் நீங்கள்தானே எங்களை அந்தப் பக்கம் உட்கார வைப்பீர்கள்? "ராஜா ஒருத்தன் இந்தப் பக்கம், படை மொத்தமும் அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு, நடுப் பலகையில் இடப்பக்கம் முழுசையும் அடைத்துக்கொண்டு உட்காருவீர்களே. நீங்கள் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை.

யாரும் நகரவில்லை. பிரபு தலையைக் குனிந்துகொண்டான். அந்த இடத்தில் போய் நான் எப்படி உட்காருவேன்? படகோட்டிக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவருக்கு என்ன தெரியும், பாவம்?

"ஏம்மா, அந்த எடத்த யாருக்காச்சும் புடிச்சு வெச்சிருக்கீங்களா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாய்யா. புடிச்சுத்தான் வெச்சிருந்தோம்" என்றாள். பிறகு பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக நகர்ந்து நகர்ந்து, இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். படகு நேரானது. படகோட்டி துடுப்புப் போட ஆரம்பித்தார்.

நான் அழுதேன் மாமா, மறைக்காமலே அழுதேன். பிரபுவின் முதுகு குலுங்கியது. அக்கா அழவில்லை. அந்தப் பக்கத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஓடை குறுகி, சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற இடம் வந்தது. கிளைகள் தலையில் இடிக்கும் என்று எல்லாரும் குனிந்தோம். அப்போது அவள் திடீரென்று குரல் கொடுத்தாள்.

"அடியே சுமதி! இங்க வெயிலே இல்லடி! நெழலு, காத்து, கொக்கு எல்லாம் இந்தப் பக்கந்தான் இருக்கு. இத்தினி வருஷமா நம்மள வெயில்ல காய வெச்சிட்டு, நல்ல எடத்த இந்த மனுஷன் வெச்சுக்கிட்டிருந்தாரு பாத்தியா! இதுல பேலன்ஸாம் பேலன்ஸு!"

பிரபு வாய்விட்டுச் சிரித்தான். படகோட்டியும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார். அக்கா கையை நீட்டி ஒரு வேரைத் தொட்டாள், தண்ணீரை அள்ளி என் மேல் தெளித்தாள். உங்களுக்கு உள்ளூர நல்ல திருட்டுப் புத்தி மாமா. அன்றைக்கு அதற்காக உங்கள் மேல் எனக்கு வந்த ஆசையை எப்படிச் சொல்ல?

திரும்பும்போது நான் ஒரே சந்தோஷத்தில் இருந்தேன். இனி இவள் எங்கேயும் போக மாட்டாள் என்று நிச்சயமாகிவிட்டது எனக்கு. துறை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் அக்கா சாதாரணமாகப் பிரபுவைக் கேட்டாள்.

"ஏன்டா, ஒங்க அபார்ட்மென்ட் பக்கத்துல ஏரி ஒண்ணு இருக்குன்னியே. அதச் சுத்தி நடக்கலாமா?"

"நடக்கலாம்மா. காலையில நெறைய பேரு நடப்பாங்க."

"படகு விடுவாங்களா?"

"தெரியல. கேட்டுச் சொல்றேன்."

"கேளு" என்றாள்.

என் தலையில் இடி இறங்கியது. அவளை இங்கே நிறுத்தத்தான் நான் கொப்புளத்தோடு நடந்தேன். அவளோ நடந்து, நகர்ந்து உட்கார்ந்து, தெம்பு வந்து, கிளம்பத் தயாராகிவிட்டாள்! பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது போங்கள். காரில் ஏறி ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டேன். பரங்கிப்பேட்டை பக்கம் வரும்போது அக்கா என் தொடையைக் கிள்ளினாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கொட்டிவிட்டேன். "போ. நல்லா போ. ஏரியச் சுத்து, கொளத்தச் சுத்து. எனக்கென்னா? எனக்கு ஸ்கூல் இருக்கு, புள்ளைங்க இருக்கு. நீ இல்லன்னா நான் செத்தா போயிடுவேன்?" என்னென்னவோ கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். பிரபு, "சித்தி, நீங்களும் வந்துடுங்களேன்" என்றான். எனக்கு வேலை இங்கே, ரிட்டையர் ஆக இன்னும் வருஷம் இருக்கிறது, எப்படி வர முடியும்? அதைச் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

கிளம்புகிற அன்று காலை பிரபு வாசலில் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அக்கா என்னைக் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ என்னை நிறுத்தறதுக்குத்தான் அங்கயெல்லாம் கூட்டிட்டுப் போனன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் வந்த?"

"நீ கூப்ட்ட. வந்தேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் விடவில்லை, மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"கேளுடி. எனக்கு நடக்கறது புடிக்கும்னா நெனச்ச? முள்ளு, வெயிலு, சேறு, எவளுக்குப் புடிக்கும்? ஒன் மாமா கெளம்பும்போது 'மல்லி, வா'ன்னு கூப்புடுவாரு. அதுக்காவத்தான் போனேன். அவரு போனதுலருந்து என்னை யாரும் ஒரு எடத்துக்கும் கூப்புடலடி. கல்யாணம் காதுகுத்துன்னு பத்திரிகை வந்தாகூட வாசல்லயே வெச்சிட்டு, 'நீங்க வரலைன்னா பரவாயில்ல'ன்னுட்டுப் போறாங்க. பாத்து இருங்க, படுத்து ரெஸ்ட் எடுங்கன்னாங்க. வா, போவலாம்னு சொன்னவ நீ ஒருத்திதான். அதான் எந்திரிச்சு வந்தேன். இப்ப அவன் கூப்புடறான். பெத்த புள்ள கூப்புடறான், போவாம இருப்பனா? வூட்ட வாடகைக்கு விட வேணாம்னு சொல்லிட்டேன், சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும். நீ கூப்புடு. நான் வரேன்."

இத்தனை வருஷமாக அவள் பின்னாலேயே நடந்தும் இது எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா மாமா? தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, அவள் திட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, மறுபடியும் கூப்பிட்டீர்களா?

கார் தெருமுனை திரும்பியதும் நான் வீட்டைப் பூட்டினேன். எனக்கு இன்னும் வருத்தம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மே மாசம் வரைக்கும் நான் காத்திருக்கப் போவதில்லை. காலாண்டு லீவுக்கே போன் போட்டு, "அக்கா, வா" என்பேன். அவள் திட்டுவாள், திட்டி முடிக்கட்டும், மறுபடியும் கூப்பிடுவேன். நான் இருக்கிற வரைக்கும் உங்கள் மல்லியைக் கூப்பிட ஆள் இல்லாமல் போகாது. இது உங்கள் மேல் சத்தியம்.

என்றும் உங்கள் வாயாடி மச்சினி,
சுமதி